தளத்துக்கு அடியில் ஐந்து மீட்டர்

அக்டோபர் 17, வெள்ளி

என் கணவர் எட்வின் ஜனவரியில் வாங்கித் தந்த நாட்குறிப்பு இது. ஒன்பது மாதப் பக்கங்கள் காலியாகவே போய்விட்டன. இன்று எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. செம்மணாற்றுத் தடுப்பணை நிரம்பிவிட்டது.

கட்டி நான்கு வருடமாகிறது. மழை ஏய்த்துக்கொண்டே வந்ததால் இதுவரை முழங்கால் அளவுக்கு மேல் தண்ணீர் நின்றதில்லை. கட்டும்போது இந்தப் பிரிவின் உதவிப் பொறியாளர் நான்தான். பிறகு மதுரைக்கு மாற்றல். இந்த ஜூனில் திரும்பவும் இங்கேயே போட்டார்கள். அதனால் நிரம்பிய அணையை நானும் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மூன்று மீட்டர் தண்ணீர், கரைக்குக் கரை.

விவசாயிகள் சங்கத் தலைவர் ஆறுமுகநயினார் தேங்காய் உடைத்தார். "நீங்க கட்டுன அணை. ஒங்க கையால ஒரு பூவப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

அரைக்கக் கொடுத்த மாவை வாங்கி வர மறந்துவிட்டேன். இரவு உப்புமா.

அக்டோபர் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து கறி அடுப்பில் இருக்கும்போது கொம்பையா போன் செய்தார். அணையின் ஷட்டர்களை ஏற்றி இறக்கும் லஸ்கர் அவர்தான். "மேடம், அணைக்குக் கீழ மணலுக்குள்ள ஊத்து ஒண்ணு கெளம்பியிருக்கு. பொம்பளையள்லாம் கொடத்தத் தூக்கிட்டு வந்துட்டாவ. அம்மன் கண்ணத் தொறந்துட்டான்னு பேசிக்கிடுதாவ."

"தண்ணி தெளிவா இருக்கா?"

"கண்ணாடி மாதிரி இருக்கு மேடம்."

நாளை போய்ப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

விடுமுறை நாளிலும் ஆற்றுக்குப் போனேன். எட்வினும் வீட்டில் இல்லை. அவருக்கு மருந்துக்கடை திறக்க வேண்டியிருந்தது.

அணையின் சிமென்ட் தளம் முடிகிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஊற்று. தண்ணீர் தெளிவுதான். ஆனால் அதைச் சுற்றி எறும்புப்புற்று வாய் போல மணல் வட்டமாகக் குவிந்திருக்கிறது. கையை உள்ளே விட்டேன். விரல்களுக்கு நடுவே மணல் மேலே ஏறி வந்தது. ஊற்று நீர் மட்டும் வந்தால் பயமில்லை. மணலையும் தூக்கிக்கொண்டு வந்தால், தளத்துக்கு அடியில் எங்கோ அந்த மணல் குறைகிறது என்று பொருள். குறைந்துகொண்டே போனால் ஒருநாள் தளம் உள்ளே அமரும். மூன்று மீட்டர் தண்ணீரும் ஒரே மூச்சில் வெளியேறும். கரையை ஒட்டிக் கீழத்தெருவில் நாற்பது வீடுகள். கொம்பையாவின் வீடு அதில் மூன்றாவது.

தளத்துக்கு அடியில் ஊறும் நீர் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க, கட்டும்போதே இரும்புக் குழாய்கள் பதித்திருக்கிறோம். கடைசிக் குழாயில் நாடாவை இறக்கி அளந்தேன். நீர் 0.85 மீட்டர் ஏறி நிற்கிறது. வரைபடக் கணக்குப்படி 1.30 இருக்க வேண்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

செயற்பொறியாளர் தணிகாசலம் சாரிடம் அளவைக் காட்டினேன். வேலூர்க்காரர். யாரிடமும் கத்திப் பேசாத மனிதர்.

"டிசைன்ல போட்டதவிட அழுத்தம் கம்மியா இருக்கு. நல்ல சேதிதானேம்மா?"

"ஊத்துல மணல் வருது சார்."

"புது அணை, முதல் தண்ணி. கொஞ்சம் வரும், அப்புறம் நின்னுடும். பத்து நாள் பாரு."

நியாயமான பேச்சு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று விரும்பினேன்.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டாவது ஊற்று. தண்ணீர் லேசாகக் கலங்கல்.

அக்டோபர் 25, சனி

பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி நூர் வீட்டுக்குப் போனேன். நூர்ஜஹானும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அவள் கணிதம் படித்துக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நான் சிவில் படித்தேன். தளத்துக்கு அடியில் நீர் எப்படிப் போகும் என்பதற்கு எங்கள் கையேட்டில் வளைகோட்டுப் படங்கள் உண்டு. படத்தைப் பார்த்து எண்ணை எடுத்துக்கொள்வோம். அந்தப் படம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை.

நூர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "ஏட்டி, இது கன்ஃபார்மல் மேப்பிங். நான் வருசா வருசம் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நடத்துறது. ஒங்க ஆளுக இத வச்சு அணை கட்டுறாங்கன்னு புத்தகத்துல ஒரு வரி இருக்கும். அணை வச்சுக்கிட்டு ஒருத்தி வீட்டுக்கே வருவான்னு நெனைக்கல."

எனக்குப் புரிந்த அளவில் எழுதி வைக்கிறேன். ஒரு வடிவத்தை ரப்பர் போல இழுத்து, மடக்கி, வேறு வடிவமாக்கலாம். நீளம் மாறலாம், பரப்பு மாறலாம். ஆனால் இரண்டு கோடுகள் எந்தக் கோணத்தில் வெட்டிக்கொள்கின்றனவோ அந்தக் கோணம் மட்டும் மாறக் கூடாது. மண்ணுக்குள் நீர் போகும் பாதையும், ஒரே அழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் கோடும் எப்போதும் செங்கோணத்தில்தான் வெட்டும். தளத்தின் கடைசியில் மண்ணுக்குள் ஒரு சுவர் இறங்கியிருப்பதால் நீர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சிக்கலான வடிவத்தைக் கோணம் கெடாமல் இழுத்து ஒரு நேர்கோடாக்கிவிட்டால், அங்கே கணக்கு எளிது. விடையைக் கண்டுபிடித்து, வந்த வழியே திரும்பி வந்தால் போதும்.

"விமான இறக்கை மேல காத்து, ரெண்டு கம்பிக்கு நடுவுல மின்சாரம், ஒன் தளத்துக்கு அடியில தண்ணி. மூணுக்கும் ஒரே வேலைதான்" என்றாள்.

தளத்தின் நீளம் இருபது மீட்டர். கடைசிச் சுவரின் ஆழம் ஐந்து மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்தக் குழாயில் மொத்த அழுத்தத்தில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பங்கு நிற்க வேண்டும். என் அளவில் நிற்பது இருபத்தெட்டு.

"கம்மிதானே? நல்லதுன்னு எங்க சார் சொல்றாங்க."

"கொழாயில கம்மின்னா, சொவரு தண்ணியத் தடுக்கலன்னு அர்த்தம். ஆழமான சொவருன்னா தண்ணி அதுக்கு முன்னால முட்டி நிக்கும், கொழாயில ஏறும். குட்டையான சொவருன்னா சுலபமா அடியில நுழைஞ்சு அந்தப் பக்கம் சீறிக்கிட்டு வரும். இங்கன கொறைஞ்சது அங்கன கூடும்." ஆழத்தை மாற்றி மாற்றிப் போட்டாள். நான்கு. மூன்று. இரண்டு என்று போட்டதும் இருபத்தெட்டு வந்தது. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஒன் சொவரு அஞ்சு மீட்டர் இல்லட்டி. ரெண்டுதான். யாரு அளந்தது?"

தெரியாது என்றேன்.

வெளியேறும் நீர் மணலைத் தூக்கும் வேகத்தையும் கணக்கிட்டோம். பொடிமணலுக்கு ஆறில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து மீட்டர் சுவருக்கு எட்டில் ஒன்று. இரண்டு மீட்டர் சுவருக்கு ஐந்தில் ஒன்று. தண்ணீரை மூன்று மீட்டரிலிருந்து இரண்டாகக் குறைத்தால் ஏழில் ஒன்றாகிவிடும்.

பிரியாணி வைத்தாள். சாப்பிட்டதாகத்தான் நினைவு.

அக்டோபர் 26, ஞாயிறு

வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாவற்றையும் துவைத்தேன். கோயிலுக்குப் போகவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

பழைய கோப்புகள் இருக்கும் அறையிலிருந்து அந்த வேலையின் அளவுப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்தோராம் பக்கம். கடைசிச் சுவர், ஆழம் 5.00. ஆகஸ்ட் 14. கீழே என் கையெழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து. மற்ற பக்கங்களில் நேராக இருக்கிறது.

படுத்துக்கொண்டு போட்டால் அப்படித்தான் இருக்கும்.

அந்த ஆகஸ்டைப் பற்றி எழுதப் போவதில்லை.

கொம்பையா வந்தார். அவர் மகள் வயிற்றுப் பிள்ளையோடு வந்திருக்கிறாளாம், கீழத்தெரு வீட்டுக்கு. ஏழாம் மாதம்.

அக்டோபர் 28, செவ்வாய்

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. வெள்ளிக்கிழமை கனமழை என்கிறார்கள்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எட்வினிடம் சொன்னேன். கணக்கைச் சொன்னேன், நாற்பத்தோராம் பக்கத்தைச் சொன்னேன். காண்ட்ராக்டருடைய மேஸ்திரி அப்படிப் பண்ணுவான் என்று யார் நினைத்தார்கள் என்றேன். எட்வின் கையிலிருந்த சட்டையை மடிக்காமல் வைத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில அவன் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிட்டு வந்தான். அஞ்சு மீட்டர் எறக்கியாச்சு மேடம், மூடியாச்சு, நீங்க ரெஸ்ட் எடுங்கன்னான். ஒனக்கு எந்திரிக்க முடியல. பொஸ்தகத்துக்கு அடியில அட்டைய நான்தான் புடிச்சேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பொறவு போடலாம்னு நான் சொல்லியிருக்கலாம்லா. பிள்ள போயி மறுநாள். வயித்துல ஆறு மாசத்துப் பிள்ள. எதையாவது ஒண்ண முடிச்சாப் போதும்னு இருந்துச்சு எனக்கும்."

நான்கு வருடத்தில் எங்கள் வீட்டில் அந்த வார்த்தை சொல்லப்பட்டது இன்றுதான். அவர் அழுதார். நான் மீதித் துணிகளை மடித்தேன். பிறகு மடித்தவற்றையே திரும்பப் பிரித்து மடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அக்டோபர் 29, புதன்

அலுவலகம் திறக்கும்போதே போய்விட்டேன். கடிதத்தில் மூன்று பத்திகள். ஒன்று, குழாய் அளவும் கணக்கும். இரண்டு, வெள்ளிக்கிழமைக்கு முன் நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்க வேண்டும், ஊற்றுகளின் மேல் சரளை கொட்ட வேண்டும், கீழத்தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று, கடைசிச் சுவரின் ஆழத்தை நான் நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டேன்.

தணிகாசலம் சார் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாவது பத்தி எதுக்கும்மா? அத எடுத்துட்டுக் குடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"அது இல்லன்னா மத்தது நிக்காது சார். புஸ்தகத்துல அஞ்சுன்னு இருக்கு. கணக்குல ரெண்டுன்னு வருது. மேல கேட்டா எத நம்பச் சொல்வீங்க?"

"பதினேழு-பி சார்ஜ் மெமோ வரும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அன்னிக்கு நீ லீவுல இருந்தியா?"

"இல்ல சார். லீவு எழுதிக் குடுக்கல. ஆஸ்பத்திரியில இருந்தேன்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மேற்பார்வைப் பொறியாளரிடம் அரை மணி நேரம் போனில் பேசினார். வெளியே வந்து, "ஒரு மீட்டர் எறக்கு. உத்தரவு சாயங்காலம் வரும், என் பேர்ல இப்பவே ஆரம்பி" என்றார். மூன்றாம் பத்தி அப்படியே கோப்பில் போயிற்று.

அக்டோபர் 30, வியாழன்

மணல்போக்கி மதகின் ஷட்டரைத் தூக்கப் போனால், ஷட்டர் மேடையில் ஆறுமுகநயினார் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் முப்பது பேர்.

"மூணு வருசம் நாத்து விடல. இந்தத் தண்ணியப் பாத்துத்தான் வெத கட்டியிருக்கோம். மழ வருதுன்னு பயந்து தொறக்கியளோ? மழைக்குத்தானம்மா அணை?"

கணக்கைச் சொன்னால் நேரம் போகும். "கீழ வாங்கய்யா" என்றேன். வந்தார். ஊற்றுக்குள் கையை விடச் சொன்னேன். முழங்கை வரை விட்டார். உள்ளங்கையை விரித்து எடுத்தார். நிறைய மணல்.

"இது தளத்துக்கு அடியிலேர்ந்து வருது. அடியில இருக்க வேண்டிய சொவரு அஞ்சு மீட்டர் இல்ல, ரெண்டுதான் இருக்கு."

"எவன் அளந்தான் அத?"

"நான்தான். பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

அவர் மணலை உதறினார். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, "பூவப் போட வச்சேனே தாயி ஒங் கையால" என்றார். அதற்குமேல் சொன்னவற்றை எழுதவில்லை. சொல்லத் தகுந்தவைதான். நின்று கேட்டேன். கொம்பையா மட்டும், "போதும்யா, அவியளாவே வந்து சொல்லுதாவ, நம்ம வீடு அங்கனதான கெடக்கு" என்றார்.

நயினார் கடைசியாகக் கேட்டார். "முழுசுமா தொறக்கணும்?"

"ஒரு மீட்டர் போதும். ரெண்டு மீட்டர் நிக்கும். ஒங்க நாத்துக்கு அது காணும்."

"ஒரு மீட்டர்னு எப்படித் தெரியும்?"

"கணக்குப் போட்டிருக்கு. இந்தத் தடவ நானும் இன்னொருத்தரும் தனித்தனியாப் போட்டோம்."

அவர் தன் ஆட்களை மேடையை விட்டு இறங்கச் சொல்லிவிட்டுப் போனார். கொம்பையா ஷட்டரைத் தூக்கினார். மதியம் நயினாரின் டிராக்டர் சரளை ஏற்றிக்கொண்டு வந்தது. அவர் வரவில்லை.

ஊற்றுகளின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல். நீர் வெளியே வரலாம், பொடிமணல் வரக் கூடாது. அதுதான் ஏற்பாடு. ஊற்றை அடைத்துவிடுங்கள் என்று பலபேர் சொன்னார்கள். அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

அக்டோபர் 31, வெள்ளி

மழை. கீழத்தெரு முழுவதும் பள்ளிக்கூடத்தில். கொம்பையாவின் மகளை எட்வின் கடை வேனில் கொண்டுபோய் விட்டார். அணைக்கு மேலேயே வெள்ளம் போகிறது.

வெள்ளம் வரும்போது எனக்குப் பயமில்லை. அப்போது இரண்டு பக்கமும் தண்ணீர் ஏறும், வித்தியாசம் குறையும். பயமெல்லாம் வடியும்போதுதான். கீழ்ப்பக்கம் சீக்கிரம் வற்றும், மேல்பக்கம் முட்டி நிற்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

வடிகிறது. ஷட்டரைத் திறந்தே வைத்தோம். விடிந்ததிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை குழாயை அளந்தேன். பதினொன்றரை மணிக்கு மூன்றாவதாக ஓர் ஊற்று, தளத்துக்கு மிக அருகில். இருந்த சரளை தீர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்த பெண்கள் சாந்துச் சட்டி எடுத்துக்கொண்டு வந்து, ரோட்டோரம் குவித்திருந்த ஜல்லியைச் சுமந்தார்கள். முதல் ஊற்றில் குடம் நிறைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒரு மணிக்கு மூன்றாவது ஊற்றிலிருந்து வரும் நீர் தெளிந்தது.

மூன்று மணிக்கு மேல்பக்கம் சரியாக இரண்டு மீட்டர். ஷட்டரை இறக்கச் சொன்னேன். குழாயில் 0.56. இரண்டில் இருபத்தெட்டுப் பங்கு. நூருக்குப் போன் செய்து எண்ணை மட்டும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அணை தாங்கி நின்றுவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எட்வினிடம், எங்கே என்று கேட்டேன். கல்லறைத் தோட்டத்தின் தெற்கு மூலைக்குக் கூட்டிப் போனார். அவர் மாதம் ஒருமுறை வருகிறாராம். புல் வெட்டியிருந்தது. கல்லில் தேதி மட்டும். ஆண் பிள்ளையா, பெண் பிள்ளையா என்று எனக்குத் தெரியாது. அன்று கேட்கவில்லை. இன்று கேட்டேன். பெண்.

நவம்பர் 21, வெள்ளி

பதினேழு-பி வந்தது. ஏழு பக்கம். எதையும் மறுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். காண்ட்ராக்டர் மேலும் வழக்கு.

மே 8, வெள்ளி

நாட்குறிப்பின் வருடம் முடிந்துபோய்ப் பின்னட்டைக்கு முந்தின தாளில் எழுதுகிறேன்.

ஆறு வற்றிவிட்டது. தளத்தின் கடைசியை இன்று தோண்டினார்கள். விசாரணைக் குழு, தணிகாசலம் சார், நயினார், ஊர்க்காரர்கள். நூர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மண் ஒதுங்க ஒதுங்கச் சுவர் கீழே போய்க்கொண்டே இருந்தது. சட்டென்று முடிந்தது. 1.95 மீட்டர். அதற்குக் கீழே இறுகிய கூழாங்கல். அன்று காண்ட்ராக்டரின் ஆட்களால் அதைத் தோண்ட முடியவில்லை, மூடிவிட்டார்கள்.

நூர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். சுவரின் அடிவிளிம்பைத் தடவிப் பார்த்தாள். "இருவது வருசமா இந்தக் கணக்கப் போடுறேன்ட்டி. விடையக் கையால தொட்டது இன்னைக்குத்தான்" என்றாள்.

எனக்கு இரண்டு வருடம் ஊதிய உயர்வு நிறுத்தம். புதுச் சுவர் வேலை முடியும்வரை இந்தப் பிரிவிலேயே இருக்க வேண்டும் என்று தணிகாசலம் சார் எழுதி வாங்கியிருக்கிறார். என் எழுத்தை எவரும் நம்பத் தேவையில்லாத மாதிரி வேலை நடக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

மே 27, புதன்

புதுச் சுவருக்கு ஐந்து மீட்டர் தோண்டியாயிற்று. அளக்க வேண்டிய நாள். காலை ஏழு மணிக்கே நயினார் சங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேரோடு வந்து நின்றார். கையில் புதிதாக வாங்கிய டேப்.

"கோவிச்சுக்கிடாதிய. ஒங்க டேப்புல நாங்க பாக்க மாட்டோம்."

"ஒங்க டேப்புலயே பாருங்க" என்றேன்.

ஏணி போட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். கீழே நின்று ஒருவர் படிப்பார், மேலே ஒருவர் திரும்பச் சொல்வார். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு இடத்தில் அளந்து முடிக்க வெயில் ஏறிவிட்டது. ஓரிடத்தில் பத்து சென்டிமீட்டர் குறைந்தது. அங்கே மறுபடி தோண்டச் சொல்லி நயினார் சத்தம் போட்டார். தோண்டினார்கள்.

கடைசி அளவுக்கு அவரே இறங்கினார். கீழேயிருந்து, "யம்மா, மேல் முனையப் புடிச்சுக்கிடுங்க, காத்துல ஆடுது" என்றார்.

குப்புறப் படுத்துக் குழியின் விளிம்பில் டேப்பைப் பிடித்துக்கொண்டேன்.